காசியோப்பே: மலைமுகட்டுக் குறும்புதரை வளர்க்கும் முறை

காசியோப்பே, எரிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமை மாறாத ஒரு குறும்புதர். ரோடோடென்ட்ரானும் புளூபெர்ரியும் இதன் உறவுச் செடிகள். ஆனால் இது அவற்றைப் போல ஓங்கி வளர்வதில்லை. இனத்தைப் பொறுத்து நான்கைந்து சென்டிமீட்டரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் வரை மட்டுமே உயர்ந்து, பாறை இடுக்குகளிலும் பனி உருகி வழியும் சரிவுகளிலும் தரையை ஒட்டிப் படர்கிறது. செதில் போன்ற சிற்றிலைகள் நான்கு வரிசைகளாகத் தண்டை மூடி நெருங்கி ஒட்டியிருப்பதால், ஒவ்வொரு கிளையும் முறுக்கின்றிப் பின்னிய பச்சைக் கயிறு போலத் தோன்றும். வேனிற்காலத் தொடக்கத்தில் இந்த இலைக்கோணங்களிலிருந்து மெல்லிய காம்புகள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளை மணிப்பூ தலைகவிழ்ந்து தொங்கும். 1869ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள கதீட்ரல் சிகரத்தில் ஏறிய இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர், நெடுநாள் தேடிய இச்செடியை அங்கே கண்டு அடைந்த மகிழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். பூத்த நிலையில் இதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி மிகையாகத் தோன்றாது.

வளர்ப்பதற்குக் கடினமான செடி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் முழுவதும் நியாயமானதன்று என்பது என் கருத்து. காசியோப்பே கடுங்குளிரால் சாவது அரிது. வேர்ப்பகுதி சூடேறுவது, மண் ஒரே ஒரு முறையாவது முற்றிலும் காய்ந்துபோவது, மண்ணிலோ நீரிலோ சுண்ணாம்பு சேர்வது ஆகிய மூன்றினாலேயே அது பெரும்பாலும் சாகிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலும் இந்த மூன்றையும் தவிர்ப்பதற்காகவே செய்யப்படுவது. அந்தக் காரணம் மனத்தில் இருந்தால், சொல்லப்படாத சூழ்நிலையிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் தட்பவெப்பம்

செடியை வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது, உங்கள் இடம் அதற்கு ஏற்றதா என்பதுதான். ஆர்க்டிக் வட்டாரம் முழுவதும் பரவியுள்ள காசியோப்பே டெட்ராகோனா, அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரையுள்ள மலைகளில் வளரும் காசியோப்பே மெர்ட்டென்சியானா, ஜப்பானிலும் கம்சாட்காவிலும் அலாஸ்காவிலும் காணப்படும் காசியோப்பே லைக்கோபோடியாய்டிஸ், இமயமலையில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே படரும் காசியோப்பே ஃபாஸ்டிகியாட்டா என எந்த இனத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் பிறப்பிடத்தில் குளிர்காலம் நீண்டது, கோடை குறுகியது, கோடையிலும் இரவுகள் குளிர்ந்தவை. பகலில் வெப்பம் சற்று ஏறினாலும் இரவு குளிர்ந்துவிட்டால் செடி தாங்கிக்கொள்ளும். இரவிலும் வெப்பம் தணியாத இடங்களில், பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசித்தே செலவழித்துவிட்டுச் செடி நாளுக்கு நாள் மெலியும். ஆகவே வெப்பமண்டலச் சமவெளிகளில் திறந்தவெளியில் இதை வளர்க்க முயல வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறேன். குளிர்சாதன அறையும் விளக்கொளியும் வைத்துச் சிலகாலம் காப்பாற்றலாம். ஆனால் குளிர்கால உறக்கம் கிடைக்காத செடி சரியாகப் பூக்காது. குளிர்ந்த மிதவெப்ப நாடுகளிலும், உறைபனி விழும் உயர்ந்த மலைப்பகுதிகளிலும் இருப்பவர்களுக்கே இந்த வழிகாட்டி பயன்படும்.

எந்த இனத்தை எடுப்பது

முதல்முறை வளர்ப்பவர்கள் காசியோப்பே லைக்கோபோடியாய்டிஸ் இனத்திலோ கலப்பினங்களிலோ தொடங்குவது நல்லது. லைக்கோபோடியாய்டிஸ் மிக மெல்லிய கிளைகளுடன் தரையில் பாயாகப் படர்வது. சிறிய தொட்டிக்கும் பாறைத் தோட்டத்தின் விளிம்புக்கும் பொருந்தும். அதன் தேர்ந்த வடிவமான ‘பியாட்ரிஸ் லில்லி’ பல நாற்றங்கால்களில் கிடைக்கிறது. கலப்பினங்களில் ‘எடின்பரோ’ என்பதை நான் முதலில் வைப்பேன். ஃபாஸ்டிகியாட்டாவுக்கும் டெட்ராகோனாவுக்கும் பிறந்த அது, நிமிர்ந்து அடர்ந்து வளர்வதோடு, பெற்றோர் இரண்டையும் விடத் தோட்டச் சூழலுக்கு எளிதில் இணங்குகிறது. ‘மியூர்ஹெட்’, ‘ராண்டல் குக்’ ஆகிய கலப்பினங்களும் நம்பத்தகுந்தவை. இலை ஓரங்களில் வெண்மயிர் அடர்ந்த திபெத்திய இனமான காசியோப்பே வார்டியை அழகில் மிஞ்சுவது இப்பேரினத்தில் இல்லை என்பேன். எனினும் மற்றவற்றை ஓரிரு குளிர்காலங்கள் நன்றாக வைத்திருந்த கை மட்டுமே அதை எடுக்கலாம்.

செடியை வளர்ப்பு நாற்றங்காலிலிருந்தே வாங்குங்கள். மலையிலிருந்து பெயர்த்து எடுத்துவராதீர்கள். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா போன்ற காப்பிடங்களில் செடிகளைப் பறிப்பது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தோண்டி எடுத்த காட்டுச் செடி பிழைப்பதும் அரிது. அதன் உறிஞ்சுவேர்கள் பாறைப் பிளவுகளிலும் மக்கிய இலைகளிலும் நெடுந்தொலைவு ஓடிக் கிடப்பதால், நாம் தோண்டும்போது கையோடு வருவது பெரும்பாலும் வெறும் கட்டைவேர்தான். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு பாயை அழித்து, சில வாரங்களில் காய்ந்துபோகும் ஒரு கைப்பிடிச் செடியைக் கொண்டுவருவதில் யாருக்கும் நன்மை இல்லை.

மண்கலவை

காசியோப்பேயின் நுண்வேர்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் கூட இல்லாதவை; மற்ற செடிகளின் வேர்களில் காணப்படும் வேர்த்தூவிகள் இவற்றில் இல்லை. தூவிகள் செய்யும் வேலையை, வேரின் புற உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை செய்கிறது. அந்தப் பூஞ்சை மக்கிய இலைச் சத்தைச் சிதைத்து, அதிலிருந்து நைட்ரஜனை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. இந்த ஏற்பாடு அமில மண்ணில், மக்கு நிறைந்த மண்ணில், காற்றோட்டமுள்ள மண்ணில் மட்டுமே நன்றாக நடக்கும். களிமண்ணில் அந்த வேர்களால் நுழையவே முடியாது. தொழுவுரம் மிகுந்த வளமான தோட்டமண்ணில் பூஞ்சை ஒடுங்கி, உப்புச்சத்து ஏறி, வேர் கருகும்.

ஆகவே தோட்டமண்ணை அறவே விலக்கி, நன்கு மக்கிய ஊசியிலை மரப்பட்டைத் தூள் அல்லது சல்லடையில் சலித்த இலைமக்கு இரண்டு பங்கு, பீட் அல்லது உப்பு நீங்கக் கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, சுண்ணாம்பு கலவாத பருமணல் அல்லது பெர்லைட் (சூட்டில் பொரித்த இலேசான எரிமலைக் கல்துகள்) ஒரு பங்கு என்ற அளவில் கலவையைத் தயாரியுங்கள். அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது நல்லது. பீட் என்பது சதுப்புநிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமப் படிவு. அதைத் தோண்டும்போது அதில் சேர்ந்திருந்த கரிமம் சிதைந்து கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. மரப்பட்டையும் இலைமக்கும் போதுமான அளவு கிடைக்குமானால் பீட்டைக் குறைத்தோ தவிர்த்தோ வளர்ப்பதையே நான் விரும்புகிறேன். தென்னைநாரைப் பயன்படுத்துவோர், கடலோரத்தில் பதப்படுத்திய நாரில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

மணலிலும் சரளையிலும் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிடி எடுத்து அதன்மேல் சில துளி வினிகர் விடுங்கள். குமிழ் கிளம்பி நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சிப்பித்துண்டுகள் கலந்த கடற்கரை மணலும் இந்தக் காரணத்தாலேயே ஆகாது. சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்புச்சத்து கரையாத நிலைக்கு மாறிவிடும். செடி இரும்பின் நடுவே இருந்துகொண்டே இரும்புக்குப் பட்டினி கிடக்கும். முதலில் கிளைநுனிகளின் பசுமை வெளிறி, பின்பு மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிடும்.

இடமும் நடவும்

வெளிச்சம் நிறைய வேண்டும், வெயிலின் சூடு வேண்டாம் என்பதே இடத்தேர்வின் சாரம். மரநிழலில் அடைத்து வைத்தால் கிளைகள் நீண்டு மெலிந்து, பூக்கள் குறைந்துவிடும். வடகோளத்தில் இருப்பவர்களுக்கு, வானம் திறந்திருந்தும் நண்பகல் வெயில் நேராக விழாத வடக்கு நோக்கிய சரிவோ, பெரிய பாறையின் வடக்குப் பக்கமோ மிகவும் ஏற்றது. ஸ்காட்லாந்தின் லோகன், எடின்பரோ தாவரவியல் பூங்காக்களில் பீட் கட்டிகளைச் சுவராக அடுக்கி, படிப்படியாக அமைத்த பாத்திகளில் இத்தகைய செடிகளை வளர்க்கும் முறை வேரூன்றியது. அதே அமைப்பை இன்று மக்கிய மரக்கட்டைகளையும் சுண்ணாம்பற்ற கற்களையும் கொண்டு செய்யலாம். உயர்த்திய பாத்தியில் நீர் தேங்காது. பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலிருந்து கசிவும் ஏறாது.

கற்களை அழகுக்காக மட்டும் பதிப்பதாக எண்ண வேண்டாம். பாதி புதைந்த தட்டையான கல்லின் அடியில் மண் எப்போதும் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும். வேர்கள் அந்தக் கல்லின் அடிக்கே ஓடிச் சேரும். செடியின் தெற்குப் பக்கத்தில் இரண்டு கற்களையாவது அப்படிப் பதியுங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில், தொட்டியில் இருந்த அதே ஆழத்துக்கு நட்டு, மண்ணை விரலால் மெல்ல அழுத்தி, ஊசியிலைச் சருகையோ மரப்பட்டைத் துண்டுகளையோ இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் வேர் சூடேறுவதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். வெயில் படும் கறுப்பு நெகிழித் தொட்டியின் உட்சுவர், வெளிக்காற்றைவிடப் பல டிகிரி அதிகம் சூடாகும். வேர்களோ அந்தச் சுவரை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். சுட்ட மண்தொட்டியை ஈர மணல் நிரப்பிய படுக்கையில் விளிம்பு வரை புதைத்து வைப்பதே சிறந்த முறை. மணற்படுக்கை அமைக்க இடமில்லையெனில், தொட்டியை அதைவிடப் பெரிய மற்றொரு மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை நனைத்தே வையுங்கள். மணலிலிருந்தும் தொட்டிச் சுவரிலிருந்தும் நீர் ஆவியாகும்போது உள்ளே உள்ள வேர்மண் குளிரும்.

நீர்

இந்தச் செடியின் வாழ்வும் சாவும் நீரில் இருக்கின்றன. ஊற்ற வேண்டியது மழைநீர். அது கிடைக்காதபோது வடிகட்டி உப்பு நீக்கிய நீர் போதும். கிணற்று நீரோ குழாய் நீரோ கடினமானதாக இருந்தால், அதை ஒரு பருவம் முழுவதும் ஊற்றுவது, நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அமில மண்கலவைக்குச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு கலப்பதற்குச் சமம். கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதிதான் நீங்கும். அதை நெருக்கடியில் ஓரிரு முறை கையாளலாமே தவிர வழக்கமாக்கக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை, மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஒருபோதும் சேறாக இருக்கக் கூடாது. பிறப்பிடத்தில் உருகும் பனியின் நீர் வேர்களைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் உயிர்வளி கரைந்திருக்கிறது. தட்டில் தேங்கிய நீரில் அது இல்லை. தேங்கும் நீரில், அதிலும் வெப்பமான நாட்களில், ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் நுண்ணுயிர்கள் பெருகும். காலையில், மேலிருந்து, வடிகால் துளை வழியே வழியும் வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காசியோப்பே வாடிக் காட்டாது. அகன்ற இலையுள்ள செடி தாகம் எடுத்தால் இலையைத் தொங்கவிட்டு நம்மை எச்சரிக்கும். இதன் செதில் இலைகள் விறைப்பானவை, தண்டோடு ஒட்டியிருப்பவை, உள்ளே நீர் தீர்ந்த பின்னும் நாட்கணக்கில் பச்சையாகவே நிற்கும். அவை பழுப்பேறும்போது வேர் இறந்து வெகுநாள் ஆகியிருக்கும்; பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் மீளாது. எனவே செடியைப் பார்த்து நீர் ஊற்றாதீர்கள். மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். மூடாக்கை விலக்கி விரலால் தொட்டுப் பார்ப்பதும், தொட்டியைத் தூக்கி எடையை உணர்ந்து பழகுவதும் கோடையில் நாள்தோறும் செய்ய வேண்டியவை. பீட்டும் தென்னைநாரும் மிகுந்த கலவை கவனக்குறைவால் காயத் தொடங்கிவிட்டால், ஊற்றும் நீர் பக்கச்சுவர் வழியே வழிந்து ஓடிவிடும், நடுமண் நனையாது. அப்போது தொட்டியை விளிம்பு வரை மழைநீரில் அமிழ்த்தி, குமிழ்கள் நின்றதும் எடுத்து வடியவிட வேண்டும்.

கோடையின் பிற்பகுதியில் நீர் குறையக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த ஆண்டுப் பூக்களின் மொட்டுகள் இந்த ஆண்டுக் கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. பூ முடிந்தது என்று கவனத்தைத் தளர்த்தினால், அதன் விளைவு மறு ஆண்டு வெறுமையான கிளைகளில்தான் தெரியும். வெப்ப அலை வீசும் நாட்களில் நிழல்வலை கட்டி, சுற்றியுள்ள கற்களையும் மணலையும் மாலையில் நனைத்துவிடுங்கள்.

குளிர்காலம்

மலையில் இச்செடி குளிர்காலம் முழுவதும் பனிப்போர்வையின் கீழ் கிடக்கிறது. வெளியே வெப்பநிலை எவ்வளவு கீழே போனாலும், ஆழ்ந்த பனியின் அடியில் அது அவ்வளவாக இறங்குவதில்லை, காற்றும் தீண்டாது. தோட்டத்தில் பனி நிலைக்காத இடங்களில், மண் உறைந்து வேர் நீர் எடுக்க இயலாதபோது வறண்ட காற்றும் குளிர்கால வெயிலும் இலைகளிலிருந்து நீரை இழுத்துவிடும். குளிரால் கருகியது என்று சொல்லப்படும் செடிகளில் பல உண்மையில் இப்படித் தாகத்தால் கருகியவையே. ஊசியிலை மரக்கிளைகளைச் செடியின்மேல் தளர்வாகப் பரப்புவது போதிய காப்பு. காற்றுப் புகாத நெகிழித்தாளால் மூடாதீர்கள். சூடேற்றிய அறைக்குள்ளும் கொண்டுவராதீர்கள். உறைபனி இல்லாத நாட்களில் மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சிறிது நீர் ஊற்றலாம்.

உரமும் நோயும்

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வசந்தத்தில் சலித்த இலைமக்கைக் கிளைகளுக்கிடையே தூவுவதே போதும். வேண்டுமானால் அமில மண் செடிகளுக்கான திரவ உரத்தைக் குறிப்பிட்ட அளவில் நான்கில் ஒரு பங்காகக் கரைத்து, வளரும் பருவத்தில் ஓரிரு முறை கொடுக்கலாம்.

பூச்சிகளில் அஞ்சத்தக்கது ஒன்றே: தொட்டி மண்ணில் முட்டையிடும் கூன்வண்டின் வெண்புழு, வேர்களைத் தின்றுவிடும். செடி ஆட்டினால் ஆடத் தொடங்கினால் தொட்டியைக் கவிழ்த்து மண்ணைச் சோதித்து, புழுக்களைப் பொறுக்கி எடுத்து, புதுக் கலவையில் மாற்றி நடுங்கள்.

வயதான செடியின் நடுப்பகுதி பழுப்பாவது நோயன்று. அடித்தண்டின் பழைய இலைகள் காய்ந்தபின்பும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். டெட்ராகோனாவின் தண்டுகளில் இப்படி ஆண்டு ஆண்டாக எஞ்சி நிற்கும் இலைகளின் நீளத்தை அளந்தே ஆர்க்டிக்கின் கடந்தகாலக் கோடைகள் எப்படி இருந்தன என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அந்தப் பழுப்புத் தண்டுகளை வெட்டிச் சீர்செய்ய வேண்டாம். இலை உயிரற்ற பகுதியில் வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது அரிது. பூத்து முடிந்ததும் பசுந்தண்டின் நுனிகளை மட்டும் இலேசாகக் கிள்ளலாம். நடுவெறுமைக்குச் சரியான மருந்து பதியம்.

பெருக்கும் முறைகள்

பதியம் போடுவது எளிது, இழப்பும் இல்லை. வசந்தத்தில், வெறுமையான நடுப்பகுதியிலும் கிளைகளின் இடையிலும் ஈரமான இலைமக்கும் மணலும் கலந்த கலவையை, ஒவ்வொரு கிளையின் நுனியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி நிரப்புங்கள். புதைந்த தண்டுகளில் வேர்விட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். மறுவசந்தத்தில் கலவையை மெல்ல விலக்கிப் பார்த்து, வேர்விட்ட கிளைகளைத் தாய்ச்செடியிலிருந்து அறுத்துத் தனியே நடலாம். தாய்ச்செடியும் புத்துயிர் பெற்றிருக்கும்.

குச்சி நடுவதற்குக் கோடையின் பிற்பகுதி ஏற்றது. அந்த ஆண்டு வளர்ந்து பாதி முற்றிய நுனிகளை மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிள்ளியெடுத்து, கீழ்ப்பாதி இலைகளைப் பட்டை கிழியாமல் உருவிவிட்டு, பீட்டோ மென்மையாக அரைத்த மரப்பட்டையோ மணலுடன் சரிபாதி கலந்த கலவையில் நெருக்கமாக நடுங்கள். கண்ணாடி மூடியோ தெளிந்த நெகிழி மூடியோ போட்டு, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட விட்டால் பூசணம் பிடிக்காது. வேர்விட்டபின் முதல் குளிர்காலத்தில் குச்சிகளைப் பெயர்க்காமல், அதே தொட்டியிலேயே விட்டுவைத்து வசந்தத்தில் பிரித்து நடுவது நல்லது.

விதைமுறை பொறுமையுள்ளவர்களுக்கு உரியது. முற்றி வெடிக்கும் காய்களுக்குள் இருக்கும் விதைகள் தூசி அளவே ஆனவை. சலித்த ஈரக் கலவையின்மேல் நறுக்கிய ஸ்பேக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியை மெல்லியதாகப் பரப்பி, விதையை அதன்மேல் தூவுங்கள். மேலே மண் போடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். நீரை மேலிருந்து ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்படும். தொட்டியை மழைநீர் நிறைந்த தட்டில் வைத்து, ஈரம் மேற்பரப்பு வரை ஏறியதும் எடுத்துவிடுங்கள். முளைக்கும் நாற்றுகள் பாசியின் நுனியைவிடச் சிறியவை. முதலாண்டு முழுவதும் அவற்றைத் தொடாமல் மூடியின் கீழேயே வளர விடுங்கள். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், ஒரு சென்டிமீட்டர் உயரம் வந்தபின், ஊசிமுனையால் சிறிது பாசியோடு சேர்த்தெடுத்து, வளர்ந்த காசியோப்பே அல்லது ரோடோடென்ட்ரான் நின்ற தொட்டியின் பழைய மண்ணில் ஒரு சிட்டிகை கலந்த புதுக் கலவைக்கு மாற்றுங்கள். அந்தப் பழைய மண்ணின் வழியே வேர்ப்பூஞ்சையும் நாற்றை வந்து சேரும்.